ஈரச்சாக்கு

நாய் கடித்த கோழி என்றால் இறகு சிதறிக் கிடக்கும். கீரி பிடித்தது என்றால் கழுத்தில் ஓட்டை இருக்கும். கூட்டின் மூலையில் செத்துக் கிடந்த வெள்ளை லெக்கோன் கோழியில் இரண்டும் இல்லை. சொண்டைத் திறந்தபடி, செட்டை இரண்டையும் அகல விரித்துக்கொண்டு கிடந்தது. நீக்கிலாப்பிள்ளை அதைக் காலில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கழுத்தைத் தடவினான். கண்ணிமையை விரலால் பிரித்தான். கடைசியில் சொண்டுக்குள் மூக்கை வைத்து மணந்தான்.

"என்ன மணக்குது?" என்று கேட்டாள் அவன் மனைவி யோசப்பின்.

"ஒண்டும் மணக்கேல்லை."

"பிறகென்ன?"

"அதைத்தான் யோசிக்க வேண்டிக் கிடக்கு. ஒரு மணமும் வராமல் செய்யிறதெண்டால் வேலை தெரிஞ்ச ஆள்தான் செய்திருக்கோணும்."

யோசப்பின் கோழியை வாங்கிக்கொண்டு வளவின் பின்பக்கம் போனாள். செத்த கோழியைச் சமைக்க நீக்கிலாப்பிள்ளை விடுவதில்லை. நஞ்சாக இருக்கலாம்.

இந்தக் கிழமையில் இது முதல் சாவு இல்லை. செத்த கோழிகள் எல்லாம் மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் இடையில்தான் செத்தன. இரவில் ஒன்றும் சாகவில்லை. விடியற்காலையில் ஒன்றும் சாகவில்லை. வருத்தம் என்றால் நேரம் பார்த்தா வரும்? நேரம் பார்த்து வருகிறவன் மனிதன். அதுவும் நீக்கிலாப்பிள்ளை நித்திரை கொள்கிற நேரம் பார்த்து.

அவனுடைய நித்திரை அந்த ஒழுங்கைச் சனம் முழுக்கத் தெரிந்த விஷயம். மீசை முளைத்த நாளிலிருந்து குருநகரில் இரவில் கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வந்த உடம்பு அது. தரையோடு கிடக்கத் தொடங்கி இரண்டு வருடமாகியும் அந்த உடம்புக்கு யாரும் அறிவிக்கவில்லை. இரவு முழுக்க முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். மத்தியானம் சோறு உள்ளே போனதும் வெட்டிய மரம் போலச் சரிவான். பக்கத்தில் செல்குண்டு விழுந்தாலும் எழும்பமாட்டான் என்று யோசப்பின் சொல்லுவாள். அது பகிடி இல்லை. ஒருமுறை விழுந்தது. அவன் எழும்பவில்லை.

கோட்டையடிச் சண்டையோடு அவர்கள் குருநகரை விட்டு வந்தவர்கள். சண்டிலிப்பாயில் ஏரம்பு என்கிற புகையிலைத் தோட்டக்காரர் தன் காணியின் மூலையில் கொட்டில் போட இடம் விட்டார். மீன்பிடிக்கத் தடைபோட்டுக் கடல் பூட்டிக் கிடந்தது. களவாகப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. வள்ளம் கரையில் கிடந்து துப்பாக்கிச் சன்னம் பட்டுச் சல்லடையாகிப் போயிற்று. மிஞ்சியது எஞ்சின் ஒன்றுதான். அதை விற்று நீக்கிலாப்பிள்ளை இந்தக் கோழிகளை வாங்கினான். இப்போது முட்டை கடைக்குப் போனால்தான் அரிசி வீட்டுக்கு வரும். கோழிகளும் போய்விட்டால் அவனிடம் விற்பதற்கு அவன் மட்டும்தான் மிச்சம். அவனை யாரும் வாங்கமாட்டார்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கோழிகளை விற்ற வட்டுக்கோட்டைக்காரன் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லித்தான் கொடுத்தான். வெள்ளைக் கோழி வெக்கை தாங்காது, குளிர்மையாக வைத்திருக்க வேண்டும். நீக்கிலாப்பிள்ளை தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் சிரித்தான். குளிர்மையாக வைத்திருப்பது எப்படியென்று இவனா எனக்குச் சொல்லித்தருகிறான்? வாழ்நாள் முழுக்க நான் வேறு என்ன செய்தேன்?

வள்ளத்தில் மீன் விழுந்ததும் ஈரச்சாக்கால் மூடவேண்டும். வெயில் படக்கூடாது. அதைவிட முக்கியம், காற்றுப் படக்கூடாது. காற்றுப் பட்ட மீன் தோல் சுருங்கி, கண் மங்கி, கரையில் கேட்பாரில்லாமல் கிடக்கும். சந்து விடாமல் இறுக்கி மூடி, சாக்குக் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தால் விடியப் பிடித்த மீன் வெயில் ஏறிய பிறகும் இப்போதுதான் பிடித்தது போலப் பளபளக்கும். குருநகரில் நீக்கிலாப்பிள்ளையின் மீனுக்கு அந்தப் பெயர் இருந்தது.

அவன் கூட்டையும் அப்படியே செய்தான். ஊர்க்காரர் எல்லாரும் நாலு பக்கமும் கம்பிவலை அடித்து, காற்றும் வெளிச்சமும் போய்வர விட்டு வைத்திருந்தார்கள். சோம்பேறிகள் என்று நினைத்தான். தன் கூட்டின் வலையைச் சுற்றி நாலு பக்கமும் சாக்குத் தைத்துத் தொங்கவிட்டான். கீழ் விளிம்பில் கல்லுக் கட்டி நிலத்தோடு படிய வைத்தான். கூரையில் பனையோலையை மூன்று அடுக்காகப் பரப்பினான். காலையில் தண்ணீர் ஊற்றினான், நித்திரைக்குப் போகுமுன் இன்னொருமுறை ஊற்றினான். பிறகு புறங்கையைச் சாக்கில் வைத்துப் பார்ப்பான். சாக்கு ஜில்லென்று இருக்கும். திருப்தியோடு போய்ப் படுப்பான்.

தொடக்கத்தில் யோசப்பின் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அதுகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சிளைக்குதுகள். காத்து வேணும்போலக் கிடக்கு."

"காத்து விடுறதெண்டால் நான் ஏன் நாரி முறிய இவ்வளவு தண்ணி அள்ளுறன்? நீ மீன்காரன்ரை பெண்சாதியோ, கருவாட்டுக்காரன்ரை பெண்சாதியோ?"

அதோடு அவள் வாயை மூடிவிட்டாள். அவனோடு கதைத்து வெல்ல முடியாது. வென்றாலும், எதற்காக வென்றாய் என்று நாலு நாளைக்குக் கேட்டுக்கொண்டிருப்பான்.

தண்ணீர் ஏரம்புவின் கிணற்றிலிருந்து வந்தது. இரண்டு வளவுக்கும் நடுவில் பனையோலை வேலி. வேலியில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. அதற்குள்ளால் போய் அள்ளிக்கொண்டு வரவேண்டும். ஏரம்பு ஒருநாளும் தண்ணீரைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதுவே நீக்கிலாப்பிள்ளைக்குச் சரியாகப் படவில்லை. சும்மா தருகிறவன் எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் தருவான்.

போன கிழமை ஏரம்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார். "நீக்கிலார், உதென்ன? கோழிக்கூடோ, செத்தவீட்டுப் பெட்டியோ? சேலை சுத்தி வைச்சிருக்கிறீர்."

"நீங்கள் உங்கடை புகையிலையைப் பாருங்கோ, ஏரம்பண்ணை. கோழி என்ரை தொழில்."

"எப்ப தொடக்கம்?" என்று சிரித்துக்கொண்டு ஏரம்பு போய்விட்டார்.

அந்தச் சிரிப்பை நீக்கிலாப்பிள்ளை இரவில் படுத்துக் கிடந்து பல தடவை திரும்ப எடுத்துப் பார்த்தான். என்ன அர்த்தத்தில் சிரித்தார்? கூட்டை ஏன் எட்டிப் பார்த்தார்? அவருடைய பெண்சாதி கனகாம்பிகைக்கும் ஊர்க்கோழிகள் உண்டு. முந்தியெல்லாம் சந்திக் கடைக்கு முட்டை கொடுத்தது அவள்தான். இப்போது கடைக்காரன் யோசப்பினுடைய பெரிய வெள்ளை முட்டையைத்தான் கேட்டு எடுக்கிறான். ஆக, காரணமும் இருக்கிறது, கிணறும் இருக்கிறது, அவன் நித்திரை கொள்ளும் நேரமும் அவர்களுக்குத் தெரியும். வேறென்ன வேண்டும்?

வைகாசி பிறந்தும் சோளகக் காற்று எழும்பவில்லை. இலை அசையாமல் நின்றது. ஒருநாள் மத்தியானம் ஓர் இலையான் பறந்து வந்து மூக்கில் ஏறி இறங்கியதில் நீக்கிலாப்பிள்ளைக்கு வழக்கத்துக்கு மாறாக முழிப்பு வந்தது. எழும்பி வெளியே வந்தான். கூட்டின் வேலிப்பக்கச் சாக்கு மேலே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பக்கச் சாக்கும் அப்படியே. உள்ளே கோழிகள் வலையோரம் வந்து நின்று அவனைப் பார்த்தன.

சுருட்டிய சாக்கு வாழைநாரால் கட்டியிருந்தது. நீக்கிலாப்பிள்ளை அதை அவிழ்த்துக் கையில் எடுத்தான். அவனுடைய வளவில் வாழை இல்லை. வாழை நின்றது ஏரம்புவின் கிணற்றடியில்.

யோசப்பின் அடுப்படியில் இருந்தாள். போய் நாரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது ஆற்றை வேலை?"

அவள் நாரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும்? காத்துக்குச் சாக்கு உருண்டிருக்கும்."

"காத்து வாழைநாரும் உரிச்சு முடிச்சும் போட்டுட்டுப் போகுமோ?"

"அப்ப நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் கண்ணைக் கொடுக்காமல் கதைத்ததை அவன் கவனித்தான். பயந்துவிட்டாள் என்று விளங்கிக்கொண்டான். காணிக்காரன் பெயரைச் சொன்னால் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு போகவேண்டி வரும் என்று பயம். சாக்கை இறக்கினான், கல்லுகளை இழுத்துச் சரிசெய்தான், தண்ணீர் ஊற்றினான். திறந்தால்தானே உள்ளே எதையும் போடலாம். பக்கம் வந்து நின்று, சாக்கைத் தூக்கி, நஞ்சு குழைத்த எதையாவது வீசிவிட்டு, அவசரத்தில் கட்டி விட்டுப்போன சாக்கை இறக்க மறந்துவிட்டார்கள். இப்படித்தான் நடந்திருக்கும். அன்றைக்கு ஒரு கோழியும் சாகவில்லை என்பது அவன் புத்தியில் ஏறவில்லை. ஏறினாலும் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பான். மறுநாள் அவன் அயர்ந்து தூங்கினான், யோசப்பின் நிவாரணக் கடை வரிசையில் நின்றாள், இரண்டு கோழி செத்தது.

தண்ணீரிலும் சந்தேகம் விழுந்தது. புகையிலைக்கு அடிக்கிற மருந்து கிணற்றடியில்தான் கலக்கிறார்கள். அதில் ஒரு மூடி கிணற்றுக்குள் விழுந்தால், விழுத்தினால், யாருக்குத் தெரியும்? அவன் ஒரு சோதனை வைத்தான். கூட்டிலிருந்து ஒரு கோழியை எடுத்து, காலில் கயிறு போட்டு, வேப்பமரத்தின் கீழே கட்டினான். ஏரம்புவின் கிணற்றுத் தண்ணீரைச் சட்டியில் வைத்தான். வேறு தண்ணீர் இல்லை, அவன் கையால் போட்ட இரை தவிர வேறு இரை இல்லை. கோழி குடித்தது. மண்ணைக் கிளறிக் குழி பறித்து அதற்குள் படுத்தது. இரண்டு நாள் கழித்தும் அது சாகவில்லை. கட்டியிருந்த இடத்திலேயே முட்டையும் இட்டது.

நீக்கிலாப்பிள்ளை அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் குந்தியிருந்து யோசித்தான். அப்படியென்றால் தண்ணீரில் ஒன்றும் இல்லை. கையால்தான் செய்கிறார்கள். சோதனை முடிந்தது என்று அந்தக் கோழியின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் சாக்குக்குள் விட்டான்.

"அது வெளியிலை நல்லாய்த்தானே நிண்டது," என்றாள் யோசப்பின்.

"வெளியிலை நிண்டால் கண்படும்."

ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று அன்றைக்கு முடிவெடுத்தான். யோசப்பினுக்குச் சொல்லவில்லை. நாலைந்து நாளாக அவளையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வேலிப் பொட்டடியில் நின்று கனகாம்பிகையோடு குசுகுசுக்கிறாள். அவன் தலை தெரிந்ததும் இரண்டு பேரும் கத்தரிக்காயைப் பற்றிக் கதைக்கத் தொடங்குகிறார்கள். ஒரு கத்தரிக்காயைப் பற்றி அவ்வளவு நேரம் கதைக்க என்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை காலையில், தான் நல்லூரில் இருக்கிற தம்பி சூசைதாசனைப் பார்க்கப் போவதாகவும் பின்னேரம்தான் வருவதாகவும் சொன்னான். யோசப்பினின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதைக் கவனித்து வைத்துக்கொண்டான்.

"அப்ப நானும் முட்டையைக் கடையிலை குடுத்துப்போட்டு அப்படியே கோயிலுக்குப் போட்டு வாறன். நவநாள் செபம் எல்லே," என்றாள் அவள்.

"போ. ஆர் வேண்டாமெண்டது?"

அவள் போகும் வழியில் பொட்டடியில் நின்று உள்ளே எதையோ சொல்லிவிட்டுப் போனாள். அதையும் அவன் பார்த்தான்.

அவள் தலை மறைந்ததும் வேலையைத் தொடங்கினான். நிவாரணத்தில் கிடைத்த பிளாஸ்டிக் தறப்பாள் ஒன்று கொட்டிலில் இருந்தது, மாரிக்கு என்று மடித்து வைத்தது. சாக்குகளை நன்றாக நனைத்து, அதன் மேல் தறப்பாளைக் கூட்டைச் சுற்றி வளைத்துப் போர்த்தான். இதில் இரண்டு இலாபம் என்று கணக்குப் போட்டான். ஈரம் பறந்து போகாது. யாரும் கை விடவும் முடியாது. பிறகு வள்ளத்துக் கயிற்றை எடுத்து, மேலும் கீழும் நடுவிலும் இறுக்கிக் கட்டினான். கடல் முடிச்சு. எவ்வளவு காற்றடித்தாலும் இளகாது, தெரியாத கையால் அவிழ்க்கவும் முடியாது. வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தான். அழகாகத்தான் இருந்தது.

சைக்கிளை எடுத்து, பெல் அடித்துக்கொண்டு ஒழுங்கையால் போனான். சந்திக் கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்பக்கத் தோட்டங்களுக்குள்ளால் குனிந்து வந்து, தன் கொட்டிலுக்குள் தானே களவாக நுழைந்தான். ஓலைக்கிடுகில் விரலால் ஒரு சந்து பிரித்து, அதில் கண்ணை வைத்துக் குந்தினான்.

உள்ளே அடுப்புப் போலக் கொதித்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. நித்திரை வந்து தலையைப் பிடித்து இழுத்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டான். பேசாமல் வெளியே போய் மர நிழலில் இருக்கலாம் என்று உடம்பு சொன்னது. மாட்டேன் என்றான்.

வெயில் உச்சியைத் தாண்டிய நேரம் பொட்டுக்குள்ளால் ஒரு தலை வந்தது. கனகாம்பிகை. நரைத்த கொண்டை, நீலச்சேலை. நேரே கூட்டடிக்கு வந்தாள். தறப்பாளைக் கண்டதும் நின்றுவிட்டாள். "அட கடவுளே," என்று அவள் சொன்னது கேட்டது. காதைத் தறப்பாளில் வைத்துக் கேட்டாள். பிறகு முடிச்சுகளில் கை வைத்து இழுத்துப் பார்த்தாள். நகம் மடங்கியிருக்க வேண்டும், விரலை வாயில் வைத்துக்கொண்டாள். திரும்பி வேகமாகப் பொட்டுக்குள்ளால் போனாள்.

போய்விட்டாளா? இல்லை. திரும்பி வந்தாள். கையில் சத்தகம் இருந்தது, ஓலை வெட்டுகிற சின்னக் கத்தி. கயிற்றில் அதை வைத்ததும் நீக்கிலாப்பிள்ளை கொட்டிலுக்குள்ளிருந்து பாய்ந்தான்.

"பிடிச்சிட்டன்!"

கனகாம்பிகை துள்ளி விழுந்தாள். சத்தகம் மண்ணில் குத்தி நின்றது. "என்ன மனுசன் நீர்? உயிர் போட்டுது எனக்கு! நல்லூருக்குப் போனதெண்டு…"

"ஆர் சொன்னது நான் நல்லூருக்குப் போனதெண்டு?"

"யோசப்பின் சொன்னவள்."

"ஓ. உளவும் நடக்குதோ? கத்தியோடை என்ரை கூட்டடியிலை உங்களுக்கு என்ன வேலை?"

"கயித்தை அறுக்க வந்தனான். உம்மடை முடிச்சு மனுசர் அவிழ்க்கிற முடிச்சோ? உள்ளுக்கு அதுகள் அவியுதுகள், காது கேக்கேல்லையோ? திறவும் முதல்."

"அவிஞ்சால் அவியட்டும். என்ரை கோழி."

"விசர்க்கதை கதையாதையும், நீக்கிலார். நாங்கள் நெடுகிலும் சாக்கைத் தூக்கி விடுறதாலைதான்…"

"அதைத்தான் நானும் சொல்லுறன்!" அவன் குரல் ஒழுங்கைக்குக் கேட்டது. "தூக்கி விடுறது நீதான். உள்ளுக்கு என்னத்தைப் போட்டனி? சொல்லு. கடைக்காரன் உன்ரை குருவிமுட்டையை எடுக்கேல்லை எண்ட எரிச்சலிலை என்ரை வயித்திலை அடிக்கிறாய். கிணத்துத் தண்ணியைக் காட்டிக்காட்டி என்ரை மனுசியையும் மடக்கிப் போட்டாய்."

கனகாம்பிகை அவனைப் பார்த்தபடி நின்றாள். அவன் 'நீ' என்று சொன்னது அவள் முகத்தில் அடித்தது போல விழுந்தது. சண்டை பிடிக்கப் போகிறாள் என்று எதிர்பார்த்தான். அவள் குனிந்து சத்தகத்தை எடுத்து, மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

"குருவிமுட்டையோ?" என்றாள் மெதுவாக. "நல்லது. இனி உந்தப் பக்கம் என்ரை கால் படாது. நீர் உம்மடை கோழியோடை இரும்."

பொட்டுக்குள்ளால் அவள் குனிந்து போய் மறைந்தாள்.

நீக்கிலாப்பிள்ளை சாரத்தை இறுக்கி உடுத்திக்கொண்டான். கனகாலத்துக்குப் பிறகு ஒன்றை நினைத்தபடியே நடத்தி முடித்திருக்கிறான். ஆளைப் பிடித்தாயிற்று. கூடு பத்திரம். மிஞ்சியிருந்த தண்ணீரையும் தறப்பாளின் விளிம்பைத் தூக்கிச் சாக்கில் ஊற்றினான். விளிம்பைத் திரும்ப இறுக்கினான். பிறகு கூட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் குந்தினான். இன்றைக்கு நித்திரை இல்லை. இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள். வரட்டுமே பார்ப்போம்.

உள்ளே கோழிகள் இளைக்கிற சத்தம் முதுகில் கேட்டது. பல கோழிகள் ஒன்றாக இளைத்தால் தூரத்தில் யாரோ மரம் அரிவது போல இருக்கும். இடைக்கிடை ஒன்று செட்டையை அடித்தது. ஒன்று மற்றதன் மேல் ஏறி விழுந்தது. அந்த மனுசி வந்து போட்ட சத்தத்தில் வெருண்டுவிட்டன என்று நினைத்தான். கொஞ்சம் போக ஆறும்.

அவன் நினைத்தது போலவே கொஞ்சம் போக ஆறியது. அரிகிற சத்தம் குறைந்தது. செட்டையடி நின்றது. கடைசியில் ஒன்றும் கேட்கவில்லை. நீக்கிலாப்பிள்ளைக்கு உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. வள்ளத்திலும் இப்படித்தான். மூடியதும் கொஞ்சநேரம் அடிக்கும், துள்ளும். சாக்கின் குளிர் இறங்கியதும் அடங்கும். அடங்கினால் நல்லது. இனிக் கரை சேரும்வரை கவலை இல்லை. அவன் காலை நீட்டிக்கொண்டான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. தண்ணீர் காய்ந்திருக்குமோ என்று பார்க்கத்தான் ஒரு மூலை முடிச்சை அவிழ்த்தான். தறப்பாளை விலக்கிச் சாக்கைத் தூக்கினான். சோற்றுப்பானை மூடியைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது. அவன் தலையைப் பின்னுக்கு இழுத்தான். இது என்ன? சாக்கில் கை வைத்தான். ஈரம் இருந்தது. குளிர் இல்லை. வெந்நீரில் தோய்த்துப் போட்ட சாக்கு.

பிறகு உள்ளே பார்த்தான்.

வெள்ளையாகக் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி, சொண்டைத் திறந்து, செட்டையை விரித்து. காலில் கயிறு கட்டிய தடம் இருந்த கோழி, வேப்பமரத்தின் கீழே முட்டையிட்ட கோழி, வாசலோரம் கிடந்தது. யாரும் வரவில்லை. யாரும் ஒன்றும் போடவில்லை. அவன் முதுகைச் சாய்த்து இருந்தபடிதான் இருந்தான். அதற்கு அவனே சாட்சி.

அவன் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினான். தன் முடிச்சே தன் கைக்கு இளகவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். தறப்பாளை இழுத்து எறிந்தான், சாக்குகளைத் தையலோடு கிழித்தான். இலேசான ஒரு காற்று, வருமோ வராதோ என்கிற மாதிரி ஒன்று, வேலிப் பக்கமிருந்து வந்து வலைக்குள்ளால் போயிற்று. நிலத்தோடு சந்து இருந்த ஒரு மூலையில் சில கோழிகள் சொண்டை அந்தச் சந்துக்குள் வைத்தபடி கிடந்தன. அவற்றின் தொண்டை இன்னும் ஏறி இறங்கியது. அவற்றைத் தூக்கித் தூக்கி வேப்பமரத்தின் கீழே போட்டான்.

அப்போது யோசப்பின் வந்தாள். தலையில் முக்காடு, கையில் செபமாலை. வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டாள். தறப்பாளைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"கனகாம்பிகை அக்கா வரேல்லையோ?"

நீக்கிலாப்பிள்ளை ஒரு கோழியைக் கையில் வைத்தபடி நின்றான்.

"வந்தவ," என்றான்.

"பிறகு?"

"நான் விடேல்லை."

யோசப்பின் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனைத் தள்ளிக்கொண்டு போய்க் கோழிகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். "தண்ணி," என்றாள். "காலையும் கொண்டைப்பூவையும் நனைக்கோணும். ஓடுங்கோ."

வாளி காலி. கடைசித் துளிவரை சாக்கில் ஊற்றிவிட்டிருந்தான். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு பொட்டடிக்கு ஓடி, குனிய இருந்த இடத்தில் நின்றான். கிணற்றடியில் கனகாம்பிகை உடுப்புக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் வேப்பமரத்தின் கீழே வெள்ளையாகக் கிடந்ததையும் பார்த்தாள். என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"அக்கா, தண்ணி கொஞ்சம்," என்றான்.

"நில்லும் அங்கை."

அவன் நின்றான். அவளே வந்து வாளியை வாங்கி, அள்ளி, பொட்டுக்கு நடுவில் வைத்துவிட்டு விலகினாள். அவன் தூக்கிக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தபோதும் அப்படியே செய்தாள். பொழுது சாயும்போது ஒரு கை விரல்களுக்கு அடங்குகிற அளவு கோழிகள் எழும்பித் தள்ளாடி நின்றன. மற்றவற்றை நீக்கிலாப்பிள்ளை வளவின் பின்பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தான். கிடங்கு வெட்ட நேரம் எடுத்தது.

ஏரம்பு இருட்டுமுன் படலையால் வந்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கவில்லை, சிரிக்கவுமில்லை.

"நீக்கிலார், கொட்டில் கிடக்கட்டும். அதைப் பற்றி நான் கதைக்க வரேல்லை. ஆனால் உம்மடை மனுசி மட்டும் கிணத்தடிக்கு வரட்டும். நீர் பொட்டுக்கு இஞ்சாலை வராதையும். என்ரை மனுசியைப் பாத்து நஞ்சு வைச்சனி எண்டு சொன்ன வாய் எங்கடை தண்ணியை அள்ளிக் குடிக்கேலாது. உம்மடை மனுசி அள்ளித் தந்தால் குடியும்."

"ஓம்," என்றான் நீக்கிலாப்பிள்ளை.

ஏரம்பு போன பிறகு, அடுப்படியில் இருந்த யோசப்பினிடம் போனான். "நீங்கள் ரெண்டு பேரும் சாக்கைத் தூக்கினது எனக்கேன் சொல்லேல்லை?"

"முதல் நாளே சொன்னனான். கருவாட்டுக்காரி எண்டியள்."

"பிறகு?"

"பிறகு சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

அவன் யோசித்துப் பார்த்தான். அவள் ஏன் கோழிகளைக் காற்றில் விடப் பார்க்கிறாள், யார் சொல்லிச் செய்கிறாள் என்று தேடியிருப்பான். தறப்பாளை அன்றைக்கே கட்டியிருப்பான்.

"வேறை ஆருக்குத் தெரியும்?"

"ஒழுங்கை முழுக்கத் தெரியும்," என்றாள் அவள், அடுப்பை ஊதிக்கொண்டு. "நீங்கள் குறட்டை விடத் தொடங்க, அக்கா வேலியிலை ரெண்டு தட்டுத் தட்டுவா. ஆளுக்கொரு பக்கம் தூக்குவம். நீங்கள் எழும்பமுதல் இறக்கிவிடுவம். சில நாள் பிந்திப் போகும். அண்டைக்குத்தான் சாகும்."

மறுநாள் அவன் கூட்டில் ஒரு சாக்கும் விடவில்லை. நாலு பக்கமும் வெறும் வலை. கூரை ஓலையை மட்டும் வைத்துக்கொண்டான். மிஞ்சிய கோழிகள் அதற்குள் தூரத்தூர நின்றன. அவ்வளவு பெரிய கூடு அவற்றுக்குத் தேவையே இல்லை. கடைக்கு அனுப்ப முட்டை இல்லை.

மத்தியானம் அவள் தண்ணீருக்குப் போனாள். வாளியைச் சுமக்க அவன் கூடப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான். அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் கதைப்பது கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை. அவன் பெயர் வந்தது போல இருந்தது. வராதது போலவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனான். காலடியில் காய்ந்த ஓலை ஒன்று நெரிந்தது.

கதை நின்றது. கிணற்றுக் கப்பியும் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் அவன் என்ன செய்யப் போகிறான் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

நீக்கிலாப்பிள்ளை வந்த வழியே திரும்பி, அவர்களுக்குக் கேட்கும்படி காலை அழுத்தி வைத்து நடந்து, வேப்பமரம் வரை போய் நின்றான். பிறகு கப்பி கிறீச்சிட்டது. தண்ணீருக்குள் வாளி விழுந்தது.